முப்பது சதவீதத்தில் ஏன் செத்துப்போகிறது?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். ராஜகோபுரத்துக்கு எதிரே கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்கும்போது போனில் எண்பது சதவீதம் சார்ஜ் இருக்கும். 14 கிலோமீட்டர் பாதையில் பாதியைக் கடந்து அடி அண்ணாமலைப் பக்கம் வருவதற்குள் அது முப்பதுக்கு இறங்கியிருக்கும். நிலா வெளிச்சத்தில் மலை முழுசாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, வீடியோ எடுக்கலாம் என்று கேமராவைத் திறந்தால் திரை கறுத்துவிடும். போன் செத்துப்போச்சு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்து, குபேர லிங்கத்துக்கு அருகே டீ குடிக்க உட்கார்ந்து, சும்மா பொத்தானை அழுத்திப் பார்த்தால் உயிர் வந்துவிடும். இருபத்தாறு சதவீதம் என்று வேறு காட்டும். யாரும் சார்ஜ் போடவில்லை. ஊர் அப்படிப்பட்டது என்பதால் சிலர் இதை அண்ணாமலையார் கணக்கில் எழுதிவிடுவார்கள். போன் ரிப்பேர் கடைக்காரர், “பேட்டரி லோடு தாங்கலை சார்” என்பார். அவர் சொல்வதுதான் சரி. ஆனால் ஏன் தாங்கவில்லை என்று கேட்டால் கதை நீளும்.

எண்பது ஏன் இவ்வளவு வேகமாக முப்பதானது என்பது சுலபமான கேள்வி. முதலில் அதை முடித்துவிடுவோம். போன் சும்மா இருக்கும்போதும் டவரோடு பேசிக்கொண்டேதான் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் ஒரே பாதையில் நடக்கிற இரவில் எல்லா போன்களும் ஒரே சில டவர்களிடம் இடம் கேட்கின்றன. பதில் வராவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும். டவர் தூரத்தில் இருந்தால் இன்னும் பலமாகக் கேட்க வேண்டும். 4ஜி போன் ஆண்டெனா வழியாக அனுப்பும் உச்சத் திறன் 0.2 வாட்தான். ஆனால் அதை அனுப்பும் பெருக்கி பேட்டரியிலிருந்து அதைப்போலச் சில மடங்கை உறிஞ்சும். போதாததற்கு, ஊர்ப்பக்கத்து டவருக்கும் மலைக்குப் பின்னால் நடப்பவருக்கும் நடுவே அத்தனை பெரிய பாறை நிற்கிறது. நடக்கும் நேரத்தில் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் இந்தச் செலவு பெருமளவு நின்றுவிடும். போகட்டும்.

முப்பதில் செத்து, இருபத்தாறில் பிழைப்பதுதான் சுவாரசியமான புதிர்.

அந்த முப்பது எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்க்கலாம். பேட்டரிக்குள் எவ்வளவு மீதம் இருக்கிறது என்று நேரடியாகப் பார்த்துச் சொல்லும் கருவி எதுவும் போனில் இல்லை. இருப்பது ஒரு சின்னக் கணக்குப்பிள்ளைச் சிப். பேட்டரியிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தை ஒரு நுண்ணிய மின்தடை வழியாக ஓடவிட்டு, எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது என்று அது கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கிறது. கூடவே பேட்டரியின் மின்னழுத்தத்தையும் வெப்பநிலையையும் பார்த்துத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. ஆகவே திரையில் தெரியும் சதவீதம் ஒரு கணிப்பு. பேட்டரி புதிதாக இருக்கும்வரை கணிப்பு நன்றாகவே பொருந்தும். முதுமை வந்த பேட்டரியில் தடுமாறும்.

முதுமை என்றால் என்ன என்பதற்குப் பேட்டரியைப் பிரித்தாக வேண்டும். மனத்தால் மட்டும், கையால் வேண்டாம். லித்தியம் அயனி பேட்டரிக்குள் இரண்டு நீண்ட உலோகத் தாள்கள் சேர்த்துச் சுருட்டப்பட்டோ மடிக்கப்பட்டோ இருக்கின்றன. செம்புத் தாளின் மேல் பென்சில் முனையில் இருக்கிற அதே கிராஃபைட் பூசியிருக்கும், இது எதிர்முனை. அலுமினியத் தாளின் மேல் லித்தியமும் கோபால்ட்டும் கலந்த ஆக்சைடு பூசியிருக்கும்; இது நேர்முனை. இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவே நுண்துளைகள் கொண்ட பிளாஸ்டிக் படலம். எல்லாம் சேர்ந்து ஒரு கரிமத் திரவத்தில் ஊறிக் கிடக்கின்றன. இந்தத் திரவத்துக்கு மின்பகுளி என்று பெயர். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி, திரவத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய் உட்காருகின்றன. போனைப் பயன்படுத்தும்போது அதே வழியாகத் திரும்புகின்றன. அயனிகள் உள்ளே நடக்க, அவற்றுக்கு ஈடான எலக்ட்ரான்கள் வெளியே போனின் சுற்று வழியாக ஓடுகின்றன. நமக்கு வேலை செய்வது அந்த ஓட்டம்தான். 1970களில் விட்டிங்ஹாம் இந்த வழியைத் தொடங்கிவைத்தார். 1980இல் குடினஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தார். 1985இல் யோஷினோ எதிர்முனைக்குக் கரிமப் பொருளைப் பயன்படுத்திக் காட்டினார். 1991இல் சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019இல் மூவருக்கும் சேர்ந்து வேதியியல் நோபல் கிடைத்தபோது குடினஃபுக்கு வயது 97.

சிக்கல் அந்தத் திரவத்தில் இருக்கிறது. லித்தியம் நிறைந்த கிராஃபைட் மிக ஆவேசமான பொருள். அதைத் தொடும் எந்தக் கரிமத் திரவமும் சிதையாமல் இருக்க முடியாது. முதல்முறை சார்ஜ் ஏற்றும்போதே, அதாவது தொழிற்சாலையிலேயே, திரவத்தில் கொஞ்சம் சிதைந்து கிராஃபைட்டின் மேல் சில பத்து நானோமீட்டர் தடிப்புள்ள ஒரு தோலாகப் படிந்துவிடுகிறது. இதை இடைப்படலம் என்று சொல்லலாம். 1979இல் இமானுவேல் பெலெட் என்ற இஸ்ரேலிய வேதியியலாளர் இதன் இயல்பை விளக்கிப் பெயரும் வைத்தார். இந்தத் தோல் லித்தியம் அயனிகளை உள்ளே விடும், எலக்ட்ரான்களை வெளியே விடாது. அதனால் மேற்கொண்டு சிதைவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இந்தத் தோல் மட்டும் இல்லையென்றால் லித்தியம் அயனி பேட்டரி என்ற ஒன்றே சாத்தியமில்லை.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லில்தான் நம் புதிருக்கான விடை இருக்கிறது. சிதைவு முழுக்க நிற்பதில்லை. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் கிராஃபைட் கொஞ்சம் விரிந்து சுருங்குகிறது. தோலில் கீறல் விழுகிறது. கீறலில் புதுத் தோல் படிகிறது. படலம் தடிக்கிறது. அப்படித் தடிப்பதற்கு அது லித்தியத்தையே தின்கிறது. ஆகவே ஒரே நிகழ்ச்சியால் இரண்டு நஷ்டம். புழக்கத்தில் உள்ள லித்தியம் குறைவதால் கொள்திறன் குறைகிறது. அயனிகளின் வழி சிரமமாவதால் பேட்டரியின் அகத்தடை கூடுகிறது. முதல் நஷ்டம் எல்லோருக்கும் தெரியும், “சார்ஜ் நிக்க மாட்டேங்குது” என்று அதைத்தான் சொல்கிறோம். இரண்டாவது கண்ணுக்குத் தெரிவதில்லை. கிரிவலப் பாதையில் போனைச் சாய்ப்பது இந்த இரண்டாவதுதான்.

போர்த் தண்ணீர் புழங்கும் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமானால் குழாயின் உட்சுவரில் உப்புக்காறை படிந்து துவாரம் சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிடும். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. சமையலறைக் குழாயை மெல்லத் திறந்தால் தண்ணீர் ஒழுங்காக வரும். குளியலறை, வாஷிங் மெஷின், தோட்டக் குழாய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்தால் எதிலும் சொட்டுத்தான். தொட்டி காலியாகவில்லை, கேட்ட வேகத்துக்குக் குழாயால் கொடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்தால் மறுபடி வரும்.

போனில் வீடியோ எடுப்பது எல்லாக் குழாயையும் திறப்பது. கேமரா, திரையின் முழு வெளிச்சம், படத்தைச் சுருக்கி எழுதும் செயலி, இதற்கு நடுவே டவரைத் தேடும் ரேடியோ எல்லாம் ஒரே நொடியில் மின்னோட்டம் கேட்கின்றன. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்ளலாம்: முப்பது சதவீதத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட், ஒரு கணம் 3 ஆம்பியர் தேவைப்படுகிறது. புதுப் பேட்டரியின் அகத்தடை 0.1 ஓம் என்றால் 0.3 வோல்ட் உள்ளேயே விழுந்து 3.4 வோல்ட் வெளியே வரும், போன் ஓடும். பழைய பேட்டரியில் தடை இரட்டித்து 0.2 ஓம் ஆகியிருந்தால் 0.6 வோல்ட் விழும். வெளியே வருவது 3.1 மட்டுமே. அது போனின் மூளைக்குப் போதாது. தாறுமாறாகத் தவறு செய்வதைவிட அணைந்துவிடுவது மேல் என்று போன் அணைந்துவிடுகிறது. அணைந்ததும் கேட்பவர் யாருமில்லை, மின்னழுத்தம் மேலே வந்துவிடுகிறது. அயனிகளும் கொஞ்சம் பரவிச் சமநிலைக்கு வருகின்றன. டீக்கடையில் பொத்தானை அழுத்தும்போது சிப் புதிதாகக் கணித்து இருபத்தாறு என்கிறது. அப்போது சொல்வதும் பொய்யில்லை. வீடியோ மட்டும் கேட்காதீர்கள்.

இத்தனை மெல்லிய தோல் வளர்வது எப்படித் தெரியும்? ஆர்கான் வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பேட்டரியைப் பிரித்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்ப்பது ஒரு வழி. நம் ஊரில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இந்தத் துறைக்கென்றே இருப்பது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்தார்கள். இன்னொரு வழி எனக்கு இன்னும் பிடித்தது. கனடாவில் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் ஜெஃப் டான், பேட்டரியைப் பிரிக்காமலே முதுமையை அளக்க ஓர் எளிய கேள்வி கேட்டார்: உள்ளே போன மின்னூட்டத்தில் எவ்வளவு வெளியே வருகிறது? வராமல் போனது பக்கவினைகளுக்கு, அதாவது பெரும்பாலும் அந்தத் தோலுக்குப் போயிருக்க வேண்டும். வித்தியாசம் அற்பமாக இருக்கும் என்பதால் அவருடைய குழு மிகத் துல்லியமாக எண்ணும் சார்ஜர்களைத் தாமே கட்டியது.

எவ்வளவு அற்பம் என்று வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் 99.9 சதவீத லித்தியம் திரும்பி வருகிறது என்றால் கேட்க அருமையாக இருக்கிறது. 500 சுற்றுக்குப் பின் மிஞ்சுவது ஏறத்தாழ 61. அதுவே 99.97 என்றால் 800 சுற்றுக்குப் பிறகும் 80ஐ ஒட்டி நிற்கும். நல்ல பேட்டரிக்கும் மட்டமான பேட்டரிக்கும் உள்ள வேறுபாடு தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டாவது இடத்தில் ஒளிந்திருக்கிறது. லித்தியத்தின் இழப்பை மட்டும் எண்ணும் தோராயக் கணக்குத்தான் இது. ஆனால் மாதிரிப் பேட்டரியை வருடக்கணக்கில் ஓடவிட்டுக் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே நல்லது கெட்டது பிரிக்க இதனால் முடிந்தது.

இந்த வினைகளைத் துரிதப்படுத்துவது சூடு. வெப்பநிலை 10 டிகிரி ஏறினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது வேதியியலாளர்களின் பழைய கைக்கணக்கு. 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் வைத்தால் பேட்டரியின் கொள்திறன் நிரந்தரமாகக் குறையலாம் என்று ஆப்பிள் எச்சரிக்கிறது. திருவண்ணாமலையில் சித்திரை மாதத்தில் 35 டிகிரி என்பது காலைப் பலகாரம் முடிக்கும் நேரம்.

சூடும் நிறைவும் சேர்ந்தால் இன்னும் மோசம். நூறு சதவீதத்தில் இருக்கும் பேட்டரியில் மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கிறது, இரு முனைகளும் திரவத்தைச் சிதைக்கும் ஆவேசமும் உச்சத்தில் இருக்கிறது. ஆகவே ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டால் ‘அதிகமாக ஏறிவிடும்’ என்று பயப்படுவது தேவையில்லாதது. போன் தானாக நிறுத்திக்கொள்ளும். தலையணைக்கு அடியில், மின்விசிறி படாத இடத்தில், நூறிலேயே எட்டு மணி நேரம் வெந்துகொண்டிருப்பதுதான் கெடுதல். எண்பதில் நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் வந்திருப்பது இதனால்தான். “முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்” என்பது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து ஞானம். அதற்கு அது பொருந்தும். லித்தியத்துக்கு நேர் எதிர். இருந்தாலும் இந்த அறிவுரை பெரியப்பாவிடமிருந்து வந்தால் தலையாட்டிவிட்டு இஷ்டப்படி செய்வதே குடும்ப அமைதிக்கு நல்லது.

“புது மாடல் வந்ததும் கம்பெனிக்காரனே பழசை ஸ்லோ பண்ணிடறான்” என்பது இன்னொரு பரவலான கருத்து. இதில் அரை உண்மை உண்டு, அதை வெளிக்கொண்டுவந்த விதமும் அழகானது. 2017 டிசம்பரில் ஜான் பூல், தம் கீக்பெஞ்ச் வேகச் சோதனையைத் தங்கள் ஐபோன்களில் ஓட்டியவர்களின் மதிப்பெண்களை வரைபடமாகப் போட்டார். ஒரே மாடல் போன்கள் என்றால் மதிப்பெண்கள் ஓரிடத்தில் குவிய வேண்டும். பழைய மென்பொருளில் அப்படித்தான் குவிந்திருந்தன. 10.2.1 என்ற பதிப்புக்குப் பிறகு கீழே தனித்தனிக் குன்றுகளாக வேறு குவியல்கள் முளைத்திருந்தன. யாரோ படிப்படியாக வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று அந்தக் குன்றுகள் சொல்லிவிட்டன. இரண்டே நாளில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது: பழைய பேட்டரி உச்ச மின்னோட்டத்தைத் தாங்காமல் போன் திடீரென அணைவதைத் தவிர்க்கச் செயலியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்றது. நம் அடி அண்ணாமலைப் புதிர்தான், கலிபோர்னியாவில். பொறியியலாகப் பார்த்தால் அந்தத் தீர்வில் தவறில்லை என்றே நினைக்கிறேன். துவாரம் சுருங்கிய குழாயில் எல்லா முனையையும் திறக்காதே என்கிறது, அவ்வளவே. சொல்லாமல் செய்ததுதான் குற்றம். பேட்டரி மாற்றினால் வேகம் திரும்பியிருக்கும் என்று தெரியாமல் எத்தனையோ பேர் புது போன் வாங்கியிருப்பார்கள். ஆப்பிள் மாற்றுப் பேட்டரியின் விலையை 79 டாலரிலிருந்து 29க்குக் குறைத்தது. 2020இல் பிரான்ஸ் அந்த நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது.

பேட்டரி மாற்றுவது என்பது ஒரு காலத்தில் நகத்தால் செய்கிற வேலை. 2007 ஆகஸ்டில் நோக்கியா தன் பிஎல்-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா தயாரித்த அவற்றில் சில, சார்ஜ் ஏறும்போது அதிகமாகச் சூடாகின. இந்தியா முழுவதும் பீதி. நோக்கியா சர்வீஸ் மையங்களில் கூட்டம் அலைமோதியது. ஆனாலும் மக்கள் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவே: போனின் முதுகைத் திறந்து, பேட்டரியை எடுத்து, அதன் மேல் அச்சிட்ட எண்ணைச் சரிபார்த்து, மாற்றிக்கொள்ள வேண்டும். போன் அப்படியே இருந்தது. ஒன்பது வருடம் கழித்து, 2016இல், சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 தீப்பிடிக்கத் தொடங்கியது. பேட்டரியின் ஒரு மூலையில் முனைத்தாள் வளைந்ததும், மாற்றாக வந்த பேட்டரியில் பற்றவைப்புப் பிசிறு இருந்ததும் காரணம் என்று பின்னர் விளக்கினார்கள். குறை பேட்டரியில் மட்டுமே. ஆனால் பேட்டரி உள்ளே பசையால் ஒட்டி மூடப்பட்டிருந்தது. திரும்பப் பெற வேண்டியிருந்தது 25 லட்சம் முழு போன்களை. கடைசியில் அந்த மாடலையே கைவிட்டார்கள்.

ஒட்டி மூடுவது தண்ணீர் புகாமல் இருப்பதற்காக என்று நிறுவனங்கள் சொல்கின்றன. 2014இல் இதே சாம்சங் விற்ற கேலக்ஸி எஸ்5 தண்ணீரில் மூழ்கினாலும் தாங்கும் என்று தரச்சான்று பெற்றது; அதன் பேட்டரியை விரலால் கழற்றலாம். ஆகவே முடியாதது ஒன்றுமில்லை. போன் கொஞ்சம் தடிமனாகும். ஒரு பொருளின் எல்லாப் பாகங்களிலும் எது நிச்சயமாகச் சாகும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கும்போது, அந்த ஒன்றை மட்டும் பார்த்துப் பசை போட்டு ஒட்டுவதை என்னால் தற்செயலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று பேருந்து நிலையப் பக்கத்து ரிப்பேர் கடையில் பேட்டரி மாற்றச் சொன்னால், போனின் முதுகை ஹீட்டரில் வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய தகடு கொண்டு நெம்பிப் பிரிக்கிறார்கள். இந்த நெம்பலில்தான் ஆபத்து. பேட்டரி வளைந்தாலோ குத்துப்பட்டாலோ நடுப் படலம் கிழிந்து இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும், புகைந்துவிடும். உப்பிய பேட்டரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். திரவம் சிதையும்போது கரியமில வாயு, எத்திலீன் போன்றவை பிறந்து பைக்குள் அடைபட்டிருப்பதுதான் அந்த உப்பல். காற்றைப் பிடுங்கிவிடலாம் என்று ஊசி போடுகிற துணிச்சல்காரர்களும் இருக்கிறார்கள், பக்கத்தில் நிற்காதீர்கள். புதுப் பேட்டரியை ஒட்டும் முன் அதன் லேபிளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டிவிடும். ‘ஒரிஜினல்’ என்று கடைக்காரர் சொல்வதை இதைவிடச் சீக்கிரமாகச் சோதிக்க வழியில்லை.

பேட்டரி பெரிதாகும்போது விளையாட்டு வினையாகிறது. ஒரு போன் பேட்டரியில் சுமார் 19 வாட்மணி ஆற்றல் இருக்கிறது. மின்ஸ்கூட்டரில் அதைப்போல நூற்றைம்பது மடங்கு. 2022 மார்ச்சில், திருவண்ணாமலையிலிருந்து 80 கிலோமீட்டரில் இருக்கிற வேலூரில், வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்தக் கோடையில் நாட்டில் வேறு சில இடங்களிலும் இதுபோல நடந்த பிறகுதான் ஏஐஎஸ் 156 என்ற வாகனப் பேட்டரித் தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலிருந்து இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

போன்களுக்கான விதிகள் அதைவிட மெதுவாக வருகின்றன. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு இணையவாசல் திறந்தது. எந்தப் பொருளை எவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டு ஒட்ட வேண்டும் என்ற யோசனையை ஒரு குழு 2025 மே மாதம் அறிக்கையாகக் கொடுத்தது. முதலில் வருவன மொபைல் போனும் டேப்லெட்டும். பழைய பேட்டரி குப்பைக்குப் போகாமல் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு என்று 2022இன் பேட்டரிக் கழிவு விதிகள் சொல்கின்றன. நகராட்சிக் குப்பைத் தொட்டிக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டியதாகத் தெரியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் நேரடியாக வேதியியலின் மொழியிலேயே சட்டம் எழுதியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி 800 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். 2027 பிப்ரவரியிலிருந்து கையடக்கப் பொருட்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. போன்களுக்கு ஒரு சந்து விட்டிருக்கிறார்கள்: 1000 சுற்றுக்குப் பின்னும் 80 சதவீதம் நிற்கும், தண்ணீரும் புகாது என்று நிரூபித்தால் பயனர் மாற்றும் வசதி கட்டாயமில்லை. அதாவது டான் எண்ணிய அந்த இரண்டாவது தசமத்தில் ஜெயித்தால் பசை போட்டுக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் இந்தச் சந்து வழியாகத்தான் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐரோப்பாவுக்காகச் செய்த நல்ல பேட்டரியே நமக்கும் வருமா, நமக்கென்று மலிவாக ஒன்று வருமா என்பது அடுத்த சில வருடங்களில் கடைக்காரர்கள் மேசையில் தெரிந்துவிடும்.

பசையிலேயே ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2024இல் வந்த ஐபோன் 16இன் பேட்டரியை ஒட்டும் பசை மின்சாரத்துக்கு இளகும். இரண்டு முனைகளிலும் 9 வோல்ட் பேட்டரியைத் தொடவைத்து ஒன்றரை நிமிடம் காத்திருந்தால் பழைய பேட்டரி தானாக விட்டுக்கொடுத்துவிடுகிறது; ஹீட்டர் வேண்டாம், நெம்ப வேண்டாம். அந்த 9 வோல்ட் பேட்டரி, ரிப்பேர் கடைகளில் மல்ட்டிமீட்டருக்குப் போடுகிற அதே சதுரப் பேட்டரிதான்.